நலிந்தோர் வாழ்வுப் புனைகதையும் ஆறுதலும்

தமிழில் சிறுகதையும் நாவலும் வேரூன்றிய நாள்தொட்டு, வறியோரும் வழிதவறியோரும் சமுதாயத்தால் ஒதுக்கப்பட்டோரும் அவற்றில் இடம்பெற்று வருகின்றனர். புதுமைப்பித்தனின் (1906-1948) ஆலைத் தொழிலாளியும், ஜெயகாந்தனின் (1934-2015) சேரிச் சிறுவனும், ஜி. நாகராஜனின் (1929-1981) தரகனும் இவ்வரிசையில் நிற்பவர்கள். இனியவற்றைக் கூறுதல் இக்கதைகளின் நோக்கமன்று. பசி, குடி, அடி, இழிவு, சாவு ஆகியவையே இவற்றின் உள்ளீடு. ஆயினும், இவற்றைப் படித்து முடித்த பின்னர் உள்ளத்தில் ஒருவகை ஆறுதல் தங்குகிறது எனக் கூறுவோர் பலர். தாம் தளர்ந்த பொழுதுகளில் இவற்றையே மீண்டும் மீண்டும் நாடுவோரும் உளர். துன்பத்தைக் கூறும் நூல் ஆறுதல் தருவது எங்ஙனம்? அவ்வாறு பெறும் ஆறுதல் முறையானதுதானா? இவ்விரு வினாக்களையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இரண்டாம் வினா எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. பிறர் பசியைத் தன் ஓய்வு நேரத்துக்கு உணவாக்கிக் கொள்பவன், எரிகிற வீட்டில் பிடுங்கியது ஆதாயம் என்னும் பழமொழிக்கு இலக்காவான். மேலும், இத்தகைய நூல்கள் படிப்போனின் அமைதியைக் குலைக்கவே எழுந்தன என்றும், அமைதி தருமாயின் அவை தம் கடமையில் தவறியவை என்றும் கருதும் திறனாய்வாளர் உளர். இக்கருத்துகள் இரண்டும் ஆறுதல் என்பது ஒரே தன்மைத்து என்னும் எண்ணத்தின்மேல் எழுந்தவை. அவ்வெண்ணம் பொருந்துமா என்பதையே முதற்கண் காண்டல் வேண்டும்.

1. இலக்கண மரபு காட்டும் அடிப்படை

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறுமிடத்து, அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கினை நிலைக்களன்களாக வகுத்தார். வறுமை இந்நான்கனுள் ஒன்றாக எண்ணப்பட்டிருத்தல் கருதத்தக்கது. பொருளின்மை வெறும் புறநிலை என்று விடப்படாமல், இலக்கியத்தில் சுவைக்குக் களனாகும் அகநிலையாகவும் ஏற்கப்பட்டுள்ளது. இளிவு அதனோடு உடனெண்ணப்பட்டிருப்பதும் அத்துணையே கருதத்தக்கது. பிறரால் எளியனாக நடத்தப்படுதல் வறியோனுக்குப் பசியினும் கொடிது என்பதை நம் புனைகதைகள் பலவும் காட்டுகின்றன.

இப்பகுதிக்கு உரை கண்ட பேராசிரியர், தானே அவலித்தலும் பிறர் அவலங்கண்டு அவலித்தலும் என அழுகையை இருவகைப்படுத்தி, ஒன்றை அவலம் எனவும் ஒன்றைக் கருணை எனவும் பிரித்துக் காட்டினார். இப்பாகுபாடு நம் ஆராய்ச்சிக்குப் பெரிதும் துணைபுரிவது. புனைகதை படிப்போன் பிறர் அவலத்தைக் காண்பவன். ஆதலின் அவன் உணர்வு கருணையின்பாற் படும். ஆனால், தன் வாழ்விலும் வறுமையோ இளிவோ உற்ற ஒருவன் அதே கதையைப் படிக்கும்போது அவலமும் கருணையும் ஒருங்கே எழுகின்றன. இவ்விரண்டும் கலக்குமிடத்திலேயே நாம் தேடும் ஆறுதல் பிறக்கின்றது என்பது நம் கருத்து.

இதற்கு முன்னர், வழக்கமாகக் கூறப்படும் இரு விளக்கங்களை ஆராய்தல் தகும். நம்மினும் தாழ்ந்தோரைக் காணும்போது நம் நிலை மேலானதாகத் தோன்றுகிறது; அதுவே ஆறுதல் என்பது முதல் விளக்கம். இதனை ஒப்பீட்டு ஆறுதல் எனலாம். இஃது உண்மையாயின், கதைமாந்தரைப் போன்றே நலிந்தவன் இக்கதைகளில் ஆறுதல் பெறுதல் இயலாது. அவன் பெறுகின்றான் என்பது கண்கூடு. கதை முடிவில் நன்மை விளைவதால் ஆறுதல் உண்டாகிறது என்பது இரண்டாம் விளக்கம். நாம் எடுத்துக்கொண்ட நூல்கள் பலவற்றில் நன்மை விளையவே இல்லை. ஆகவே இவ்விரு விளக்கங்களும் போதியவை அல்ல.

2. இரு பழம்பாடல்கள்

வறுமையை உள்ளிருந்து காட்டும் மரபு நமக்குப் புதிதன்று. இடைக்கழி நாட்டு நல்லூர் நத்தத்தனார் நல்லியக்கோடனைப் பாடிய சிறுபாணாற்றுப்படையில் பாணன் தன் பழைய நிலையை எடுத்துரைக்கும் பகுதியைத் தமிழ் கற்றோர் அனைவரும் அறிவர். கூரையும் சுவரும் சிதைந்த அடுக்களையில், கண் திறவாத குட்டிகள் பால் இல்லாத மடியைச் சுவைக்க, ஈன்ற நாய் நோவு பொறாது குரைக்கின்றது. பசியால் மெலிந்த கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி, உப்பின்றி வேகவைக்கிறாள். அறிவிலார் கண்டு இகழ்வரே என நாணி வாயிற்கதவை அடைக்கிறாள். பின்னர் அவ்வுணவைச் சுற்றத்தார் அனைவரோடும் பகிர்ந்துண்கிறாள்.

இக்காட்சியில் கதவு யாருக்காக அடைக்கப்படுகிறது என்பதே நாம் நோக்க வேண்டுவது. காண்போர் அனைவரையும் விலக்குவதற்காக அஃது அடைக்கப்படவில்லை. வறுமையைக் கண்டும் அதன் பொருளை உணராத மடவோரை விலக்குவதற்காகவே அடைக்கப்படுகிறது. உண்ணும் சுற்றமோ கதவுக்கு உள்ளே இருக்கின்றது. புலவர் நம்மை எங்கே நிறுத்துகின்றார்? கதவு அடைக்கப்பட்ட பின்னரும் உள்ளே நிகழ்வதை நாம் காண்கிறோம். உப்பில்லாத கீரை பகிரப்படுவதை அறிகிறோம். ஆகவே நாம் மடவோருள் ஒருவராக வெளியே நிற்கவில்லை. சுற்றத்தாருள் ஒருவராக உள்ளே அமர்த்தப்பட்டிருக்கிறோம். காட்சியின் கொடுமை சிறிதும் குறையவில்லை. எனினும் உடனிருக்கும் உரிமை நமக்கு அளிக்கப்பட்டுள்ளது.

புறநானூற்று 164ஆம் பாடல் இதனை வேறொரு வகையால் விளக்குகிறது. சமைத்தலையே மறந்துபோன அடுப்பில் காளான் பூத்திருக்கிறது. பாலற்ற மார்பைச் சுவைத்துக் குழவி அழ, தாய் அதன் முகத்தை நோக்குகிறாள். நீர் நிறைந்த கண்ணையுடைய அவளது துயரைக் கணவன் நோக்குகிறான். புலவராகிய பெருந்தலைச்சாத்தனார் குமணனை நினைந்து வருகின்றார். நோக்கு ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் செல்கின்றது. இறுதியில் அந்நோக்கைப் பெறும் குமணனோ, தம்பியால் நாடு கொள்ளப்பட்டுக் காட்டில் உறைபவன், அவனும் நலிந்தோனே. கொடுக்கப் பொருளில்லாத அவன் தன் வாளைக் கொடுத்துத் தன் தலையைக் கொள்ளச் செய்ய முற்பட்டதை 165ஆம் பாடல் கூறும்.

இவ்விரு பாடல்களும் ஓர் அளவுகோலைத் தருகின்றன. வறுமையைக் கூறும் படைப்பு, படிப்போனைக் கதவுக்கு வெளியே நிறுத்துகிறதா, உள்ளே அமர்த்துகிறதா? வெளியே நின்று பெறும் ஆறுதலைச் சேய்மை ஆறுதல் என்றும், உள்ளே இருந்து பெறும் ஆறுதலை அண்மை ஆறுதல் என்றும் நாம் குறியிட்டு வழங்குவோம். முன்னையது ஒப்பீட்டால் வருவது. பின்னையது உடனிருத்தலால் வருவது. இனி, இவ்வளவுகோலைக் கொண்டு இக்காலப் புனைகதைகளை நோக்குவோம்.

3. புதுமைப்பித்தன்

1934இல் மணிக்கொடியில் வெளிவந்த 'பொன்னகரம்' இவ்வகைக் கதைகளுள் தலையாயது. ஆலையில் உழைக்கும் அம்மாளுவின் கணவன் முருகேசன் வண்டியோட்டி. விபத்தில் காயமுற்றுக் கிடக்கிறான். அவனுக்குப் பால்கஞ்சி வேண்டும், கையில் காசில்லை. இருள் சூழ்ந்த சந்தில் அவள் தன்னையே விற்றுச் சிறு தொகை பெறுகிறாள். உடனே ஆசிரியர் படிப்போரை நோக்கித் திரும்பி, கற்பைப் பற்றிப் பெருமை பேசுவோரை எள்ளிக் கதையை முடிக்கின்றார்.

இக்கதையில் ஆறுதல் உண்டா எனின், இல்லை என்பதே விடை. ஆசிரியர் அதனை வேண்டுமென்றே மறுத்துள்ளார். அம்மாளுவின் அகத்துக்குள் நாம் நுழைய இடமில்லை. அவள் என்ன எண்ணினாள் என்பது கூறப்படவில்லை. சந்தின் இருட்டு அவளை மறைக்கிறது. ஆசிரியரின் எள்ளல் நம்மை வெளியே நிறுத்துகிறது. சிறுபாணாற்றுப்படையில் கிணைமகள் அடைத்த கதவை இங்கு ஆசிரியரே அடைத்து, வெளியே நிற்கும் மடவோர் நாமே என்று சுட்டுகின்றார். சேய்மை ஆறுதலை நாடி வருவோனுக்கு இதனினும் கடுமையான மறுப்பு வேறில்லை. ஆதலின், நலிந்தோர் கதை அனைத்தும் ஆறுதல் தருதல் வேண்டும் என்பது நம் கொள்கையன்று. தகாத ஆறுதலை மறுப்பதும் கலையின் தொழிலே.

அதே ஆசிரியரின் 'ஒரு நாள் கழிந்தது' என்னும் கதையை இதனோடு ஒப்பிட்டால் வேறுபாடு புலனாகும். எழுத்தாளராகிய முருகதாசரின் வீட்டில் பணமில்லை. பெருநூல் எழுதும் கனவு ஒருபுறம். பிழைப்புக்காக விளம்பரம் எழுதும் நிலை மறுபுறம். குறும்பு மிக்க மகள், காப்பிக்கு வழி தேடும் மனைவி, வீடு தேடி வரும் நண்பர், அவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்கும் கைம்மாற்று, கேட்டதினும் குறைவாகக் கிடைக்கும் காசு என்று ஒரு நாள் செல்கிறது. பெரு நிகழ்ச்சி எதுவும் இல்லை. வறுமை தீரவும் இல்லை.

ஈண்டு எள்ளல் நம்மை நோக்கி எறியப்படவில்லை. முருகதாசர் தம்மையே எள்ளுகின்றார். அவ்வெள்ளலில் நமக்கும் பங்கு கிடைக்கிறது. கடன் கேட்குமுன் சொற்களைத் தேடித் தடுமாறும் அந்நிலை, என்றேனும் கடன் கேட்டவர்க்கு நன்கு தெரிந்தது. தனக்கு மட்டுமே உரியது எனக் கருதி மறைத்த வெட்கம் பிறர்க்கும் உரியது என்று காணும்போது அதன் சுமை குறைகிறது. கதையின் தலைப்பும் இக்கருத்துக்கு அரண் செய்கின்றது. நாள் வென்றது என்றோ தோற்றது என்றோ அது கூறவில்லை. கழிந்தது என்றே கூறுகிறது. கழிப்பதற்கு அரிய நாளைக் கழித்துவிட்டதே வறியோன் வாழ்வில் ஒரு செயல் என்பதை அச்சொல் ஏற்றுக்கொள்கிறது.

4. ஜெயகாந்தன்

ஜெயகாந்தனின் 'உன்னைப்போல் ஒருவன்' சென்னைச் சேரியைக் களமாகக் கொண்ட நாவல். 1965இல் அவராலேயே திரைப்படமாகவும் இயக்கப்பட்டது. கட்டட வேலை செய்யும் தங்கம் தன் மகன் சிட்டியைத் தனியே வளர்த்து வருகிறாள். கிளி சோதிடக்காரனாகிய மாணிக்கத்தோடு அவள் வாழ முற்படும்போது மகன் சீறுகின்றான். மாணிக்கம் நீங்கிவிடுகிறான், கருவுற்ற தங்கம் பெண் குழந்தை ஒன்றை ஈன்று இறக்கின்றாள். தாயின் தேர்வை வெறுத்த சிறுவன், அத்தேர்வின் விளைவாகிய குழந்தையைத் தன் தங்கையாக ஏற்கிறான்.

இந்நாவல் தரும் ஆறுதலை இறுதி நிகழ்ச்சியில் மட்டும் காண்பது பொருந்தாது. சிட்டியின் சினத்தை ஆசிரியர் மதிக்கும் முறையிலேயே அது தொடங்கிவிடுகிறது. சேரிச் சிறுவனுக்கு மானம் உண்டு. தாயின் உறவைப் பற்றி எண்ணவும் வருந்தவும் அவனுக்கு உரிமை உண்டு. தங்கத்துக்கும் விருப்பமும் தனிமையும் உண்டு. அறச்சிக்கல் என்பது செல்வர்க்கும் கற்றோர்க்கும் மட்டும் உரியது என்னும் மயக்கம் இங்கு அகல்கிறது. இரக்கத்துக்குரிய பொருள்களாக இல்லாமல், ஒருவரோடொருவர் வழக்காடும் மாந்தராக இவர்கள் நிற்கின்றனர். அவர்தம் பேச்சுவழக்கை ஆசிரியர் திருத்தாது வழங்கியிருப்பதும் அம்மதிப்பின் பாற்பட்டதே.

எனினும், ஒரு குறையையும் சுட்டுதல் நேர்மையாகும். ஜெயகாந்தனின் கதைகளில் ஆசிரியரின் குரல் சில இடங்களில் மாந்தரின் குரலை மீறி எழுகின்றது. மனிதப் பண்பின் உயர்வை அவரே முன்வந்து எடுத்துரைக்கும்போது, நாம் தேடிக் கண்டடைய வேண்டிய ஆறுதல் நம் கையில் ஆக்கிவைத்த பண்டமாகத் தரப்படுகிறது. குழந்தையைக் கையிலேந்தும் சிறுவனின் செயலே போதுமான உரை. செயல் பேசுமிடத்து ஆசிரியர் வாளாவிருந்தால் ஆறுதல் ஆழம் பெறுகின்றது.

5. நாகராஜன்

அவ்வாறு வாளாவிருக்கும் ஆற்றலை ஜி. நாகராஜனிடம் காண்கிறோம். கணிதம் கற்பித்த ஆசிரியராகிய இவர் எழுதியவை அளவில் சில. 'குறத்தி முடுக்கு' 1963இலும் 'நாளை மற்றுமொரு நாளே' 1974இலும் வெளிவந்தன. பின்னது கந்தன் என்பானின் ஒரு நாள் வாழ்க்கை. அவன் மனைவி மீனா உடலை விற்று வாழ்பவள்; அவனோ அத்தொழிலின் தரகன். குடியும் பேரமும் நட்பும் பூசலுமாக நாள் செல்கிறது. முடிவில் அவன் காவலர் பிடியில் அகப்படுகிறான்.

ஆசிரியர் கந்தனுக்காக வாதாடவில்லை. அவனைப் பழிக்கவும் இல்லை. நம் இரக்கத்தை அவர் கேட்பதே இல்லை. கிணைமகள் நாணிக் கதவடைத்தாள். கந்தன் வீட்டிலோ அடைப்பதற்கே கதவில்லை எனலாம். இகழ்வோரும் இரங்குவோரும் அவன் கணக்கில் இல்லை. இதனால் படிப்போனும் ஒரு விடுதலை பெறுகின்றான். தன்னை நல்லவன் எனவோ வென்றவன் எனவோ நிறுவிக்கொள்ள வேண்டிய கடப்பாடு, இந்நூலைப் படிக்கும் பொழுதளவேனும் அவனைவிட்டு நீங்குகிறது. இந்நாவல் தரும் ஆறுதலின் இயல்பு இதுவே. தலைப்பும் இருபொருள்பட நிற்கின்றது. நாளையும் இன்றைப் போன்றதே என்பது சலிப்பு; இன்றைக்குப் பின் நாளை என ஒன்று உண்டு என்பது தெம்பு. இரண்டனுள் ஒன்றை ஆசிரியர் தேர்ந்து தரவில்லை.

ஆயின், இங்கேயே இந்நூலைப் படிப்போர்க்கு ஓர் இடர் உண்டு. கந்தனின் கவலையின்மையைக் கண்டு மகிழ்வோர், அக்கவலையின்மைக்கு விலை கொடுப்பவள் மீனா என்பதை மறத்தல் எளிது. அவன் உலவும் நாள் அவள் உழைக்கும் நாளாகவும் இருக்கின்றது. இழிந்தோர் வாழ்வில் கட்டற்ற இன்பம் உண்டு எனக் கற்பித்துக்கொள்வது, அண்மை போலத் தோன்றும் சேய்மையே. கந்தனோடு மட்டும் நடந்து, மீனாவோடு அமராத படிப்பு பாதிப் படிப்பாகும்.

6. பொய்யாறுதல்

ஆறுதல் என்பதையே பொருளாகக் கொண்டு நலிந்தோரைப் பற்றி எழுந்த பிறநாட்டு நாடகம் ஒன்றை இவ்விடத்து ஒப்புநோக்குதல் பயன் தரும். அது மக்சீம் கார்க்கியின் 'அடியாழத்தில்' எனப் பொருள்படும் நாடகம். 1902இல் மாஸ்கோ கலை அரங்கில் முதன்முதல் நடிக்கப்பட்டது. களம் ஒரு மலிவான தங்கல் விடுதி. அங்கு வரும் லூக்கா என்னும் முதியவன் ஒவ்வொருவருக்கும் ஏற்ற ஆறுதலைக் கூறுகிறான். சாகுந் தறுவாயில் உள்ள அன்னாவுக்குச் சாவு ஓய்வு என்கிறான். குடியால் கெட்ட நடிகனுக்கு, குடிநோயைக் கட்டணமின்றித் தீர்க்கும் மருத்துவமனை ஒன்று உண்டு என்கிறான். பின்னர் அவன் சென்றுவிடுகிறான். நடிகன் தூக்கிட்டு இறக்கிறான்.

லூக்காவின் சொல்லில் அன்பில்லை எனக் கூறல் இயலாது. ஆனால் அவன் உடனிருக்கவில்லை. நம்பிக்கையை ஊட்டிவிட்டு நீங்கினான். கார்க்கி இதனைத் தீர்ப்பாகக் கூறாமல் நிகழ்ச்சியாகக் காட்டியுள்ளார். இதனால் நாம் அறிவது, இல்லாததை உண்டெனக் கூறும் ஆறுதல் உடையுமிடத்துக் கொல்லவும் வல்லது என்பதே. வறியோன் திடீரெனச் செல்வனாதலையும், கெட்டவன் நொடியில் திருந்துதலையும் காட்டி முடியும் மலிவான கதைகள் லூக்காவின் வழியில் செல்வன. நாம் மேலே கண்ட ஆசிரியர்கள் அவ்வழியில் செல்லவில்லை. உப்பில்லாத கீரையை அவர்கள் உப்புள்ளது எனக் கூறவில்லை. பகிரப்படுவதை மட்டும் காட்டினர்.

7. முடிபு

இதுகாறும் கூறியவற்றால், நலிந்தோர் புனைகதை தரும் ஆறுதல் ஒரு தன்மைத்தன்று என்பது போதரும். ஒப்பீட்டால் வரும் சேய்மை ஆறுதல் ஒதுக்கத்தக்கது. 'பொன்னகரம்' போன்ற கதைகள் அதனை மறுப்பதற்கென்றே எழுந்தன. பொய்யாறுதல் அதனினும் தீயது. உடனிருத்தலால் வரும் அண்மை ஆறுதலோ முறையானது. அது துன்பத்தைக் குறைத்துக் காட்டுவதில்லை. துன்புறுவோனின் தனிமையைக் குறைக்கின்றது. அவலமும் கருணையும் கலக்குமிடம் என நாம் தொடக்கத்தில் குறித்தது இதுவே.

அமைதி தரும் நூல் கடமையில் தவறியது என்னும் கருத்துக்கும் இதனால் விடை கிடைக்கிறது. சுற்றத்தாருள் ஒருவனாக அமர்ந்தவன் உண்டு எழுந்து போய்விடல் இயலாது. சுற்றம் என்பது கடப்பாடும் ஆகும். குமணன் பாட்டைக் கேட்டுக் கண்ணீர் விட்டதோடு அமையவில்லை. தன்னிடம் எஞ்சியதைக் கொடுக்க முற்பட்டான். படித்து ஆறுதல் பெற்றவன், நாளை அத்தகைய கதவொன்றைக் கடக்கும்போது மடவோருள் ஒருவனாக நிற்பானாயின், அவன் பெற்றது சேய்மை ஆறுதலே எனத் துணியலாம்.

இத்துறையில் மேலும் ஆய விரும்பும் மாணவர் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. நாம் எடுத்துக்கொண்ட ஆசிரியர்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து உட்சென்று கண்டவர்கள். 1992இல் வந்த பாமாவின் 'கருக்கு', 1994இல் வந்த இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' ஆகியவற்றுக்குப் பின்னர், ஒடுக்கப்பட்ட சமுதாயத்தில் பிறந்தோரே கதவை உள்ளிருந்து திறந்து பேசும் நிலை தமிழில் வலுப்பெற்றது. அங்கே நம்மை அழைப்பதும் அழையாது விடுவதும் அவர்தம் உரிமை. அந்நூல்களில் ஆறுதல் முதற்கண் யாருக்கு உரியது, வெளியிலிருந்து வரும் படிப்போனுக்கு அதில் பங்கு எவ்வளவு என்பவை தனித்து ஆராயத்தக்கன. கிணைமகள் அடைத்த கதவை நினைவிற்கொண்டு அவ்வாராய்ச்சியைத் தொடங்குதல் நன்று.